யார் எந்தக் கட்சி? மக்களவைத் தளமும் தேர்தல் ஆணையத் தளமும் எவ்வளவு தூரம் உதவும்

மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய ஓராண்டில் கட்சிகள் உடையும், சேரும். சின்னம் கைமாறும். உறுப்பினர்கள் சிலர் பதவி விலகுவார்கள், சிலர் பதவி இழப்பார்கள். எல்லாவற்றுக்கும் அரசுப் பதிவு இருக்கிறது, காசு கொடுக்காமலே பார்க்கலாம். ஆனால் பதிவுகள் ஒரே இடத்தில் இல்லை. ‘கட்சி’ என்றால் என்ன என்பதிலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கணக்கு. 2024 தேர்தலை, குறிப்பாகத் தமிழ்நாட்டை வைத்துப் பார்த்தால் எது தேறுகிறது, எங்கே இடறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் மக்களவைத் தளம். உறுப்பினர் பட்டியலைக் கட்சிவாரியாகவும் மாநிலவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், விவாதங்கள் எல்லாம் உண்டு. கட்சி என்ற கட்டத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. 17ஆவது மக்களவையில் (2019–24) திமுகவுக்கு 24 பேர் என்று கணக்கு வரும். அதில் நான்கு பேர் உதயசூரியனில் நின்ற கூட்டணிக் கட்சிக்காரர்கள்: விழுப்புரத்தில் விசிக, ஈரோட்டில் மதிமுக, நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி, பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி. எந்தச் சின்னத்தில் வென்றாரோ அதுதான் அவையில் அவருடைய கட்சி. இது சட்டப்படி சரிதான், ஆனால் அதை விளக்கும் ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது. பெரம்பலூரில் 2019இல் உதயசூரியனில் வென்ற பாரிவேந்தர் 2024இல் அதே தொகுதியில் தாமரையில் நின்றார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது திமுகவிலிருந்து பாஜகவுக்கான தாவலாகத் தெரியும். உண்மையில் அவர் தன் கட்சியை விட்டு எங்கும் போகவில்லை. கூட்டணிதான் மாறியது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் அவையில் அந்தக் கட்சிக்காரராகவே நீடிப்பார். தமிழ்நாடு சட்டப்பேரவை தொடர்பான ஜி. விஸ்வநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது அது. 2022 ஜூலையில் அதிமுக நீக்கிய தேனி உறுப்பினர் விஷயத்தில் எழுந்த குழப்பத்துக்கு வேர் அங்கேதான். நீக்கப்பட்டதால் மட்டும் பதவி போகாது. தானாகக் கட்சியை விட்டாலோ, கொறடா உத்தரவை மீறினாலோதான் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற விதியை 2003இல் எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேரோடு இன்னொரு கட்சியில் இணைவது ஒன்றுதான் வழி.

வருகைப் பதிவு நன்றாக இருக்கிறது, கூட்டத்தொடர் வாரியாகக் கிடைக்கிறது. ஆனால் சதவீதம் போட்டு ஆளை எடைபோடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, ஆகவே அவர்களுக்கு எண் இல்லாதது சோம்பேறித்தனம் அல்ல. அடுத்து, 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் மக்களவையில் மட்டும் 100 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இடைநீக்கத்தில் இருப்பவர் அவைக்குள் போக முடியாது என்பதால் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலரின் எண் அங்கே சரிந்திருக்கும். (முதல் பட்டியலில், அன்று அவைக்கே வராத சேலம் உறுப்பினரின் பெயரும் இடம்பெற்று, பிறகு நீக்கப்பட்டது தனிக் கூத்து.) அவை மொத்தம் கூடியதே ஐந்தாண்டில் 274 நாட்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

காலியிடங்களுக்கு உறுப்பினர் பட்டியலை விட்டுவிட்டு மக்களவைச் செயலகம் வெளியிடும் அறிவிக்கை இதழின் (Bulletin) இரண்டாம் பகுதியைத் திறக்க வேண்டும். பட்டியல் இன்றைய நிலையை மட்டும் காட்டும், இடையில் நடந்ததைச் சொல்லாது. வயநாடு உறுப்பினர் ராகுல் காந்தி 2023 மார்ச்சில் தகுதியிழந்து ஆகஸ்ட் 7இல் திரும்பி வந்தார். லட்சத்தீவு உறுப்பினர் முகமது ஃபைசல் ஒரே ஆண்டில் இரண்டு முறை பதவி இழந்து இரண்டு முறை மீண்டார். பட்டியலில் இதற்கெல்லாம் தடயம் கிடைக்காது. காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் என்பது விதி. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் வேண்டியதில்லை.

அடுத்து, தேர்தல் ஆணையத்தின் கட்சி, சின்னப் பட்டியல். தகவல் துல்லியமாக இருக்கிறது, அடுக்கி வைத்த விதம்தான் மோசம். முழு அறிவிக்கை ஒன்றும், அதன் மேல் திருத்தங்கள் தனித்தனிக் கோப்புகளாகவும் வரும். பழைய கோப்பும் தேடலில் முன்னால் வந்து நிற்கும். தேதியைப் பார்க்காமல் எடுத்தால் 2023 ஏப்ரல் 10இல் தேசியத் தகுதியை இழந்த இந்திய கம்யூனிஸ்ட், திரிணமூல், தேசியவாத காங்கிரஸ் மூன்றையும் தேசியக் கட்சி என்றே எழுதிவிடுவீர்கள். ஆம் ஆத்மி அந்த வரிசையில் சேர்ந்ததும் அதே நாளில்தான். கட்சி உடையும்போது பெயரும் சின்னமும் யாருக்கு என்பது 1968 சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்தியின் கீழ் முடிவாகும். சிவசேனாவின் வில் அம்பு 2023 பிப்ரவரியில் ஷிண்டே அணிக்கும், தேசியவாத காங்கிரஸின் கடிகாரம் 2024 பிப்ரவரியில் அஜித் பவார் அணிக்கும் போனது அப்படித்தான். அந்த உத்தரவுகள் தளத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. செய்திச் சுருக்கத்தோடு நிற்காமல் ஒரு முறை படிக்கலாம்.

அங்கீகாரம் இல்லாத கட்சிகளுக்குச் சின்னம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2024இல் நாம் தமிழர் கட்சிக்குக் கரும்பு விவசாயி போய் மைக் வந்தது, மதிமுகவுக்குப் பம்பரம் கிடைக்காமல் தீப்பெட்டி கிடைத்தது. ஆகவே பழைய தேர்தல் முடிவுகளில் சின்னத்தை வைத்துக் கட்சியைத் தேடாதீர்கள்.

மூன்றில் சிறந்தது தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம். தேர்தல் வகை, மாநிலம், கட்டம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியல் வரும். பெயரைத் திறந்தால் 26ஆம் எண் படிவத்தின் நகல்: ஐந்தாண்டு வருமானம், வழக்குகள், சொத்து, கடன். தமிழ்நாட்டில் 2024 மார்ச் 27 மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள், 28 பரிசீலனை, 30 திரும்பப் பெறக் கடைசி நாள். 30ஆம் தேதிக்கு முன் எண்ணிக்கையை வைத்து எதுவும் எழுதுவது வீண். ஒருவர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள் வரை தரலாம், ஆகவே ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேட்பாளர் கூடிவிட்டார் என்று பொருளில்லை. ‘நிராகரிப்பு’ என்பதைக் கண்டும் பதற வேண்டாம். கட்சியின் முதன்மை வேட்பாளர் மனு ஏற்கப்பட்டால் மாற்று வேட்பாளர் மனு பெரும்பாலும் தானாக விழும். இறுதியில் களத்தில் நின்றவர்கள் 39 தொகுதிகளில் 950 பேர், கரூரில் மட்டும் 54.

ராமநாதபுரத்தில் தேடினால் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பலர் வருவார்கள். பலாப்பழச் சின்னத்தில் நின்ற முன்னாள் முதல்வரைப் பிரித்தறிய முகவரியையும் புகைப்படத்தையும் பார்க்க வேண்டும், முதலெழுத்து உதவாது.

குறை என்றால், பத்திரங்கள் ஸ்கேன் செய்த படங்களாக இருப்பது. உள்ளே சொல்லைத் தேட முடியாது, சில பக்கங்கள் கையெழுத்தில் இருக்கும். 2019, 2024 சொத்தை ஒப்பிட இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கையால் எடுத்தெழுதத்தான் வேண்டும். தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்தும் மைநேதா தளம் அந்த வேலையைச் செய்து தருகிறது. முழுமையாக நம்பாமல், வெளியிடப் போகும் எண்ணை மட்டுமாவது மூலப் படத்தோடு சரிபாருங்கள்.

கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்களின் தரவும் ஆணையத் தளத்தில்தான் இருக்கிறது. 2024 மார்ச் 14இல் வந்த பட்டியலில் வாங்கியவர் ஒரு கோப்பு, பணமாக்கிய கட்சி இன்னொரு கோப்பு. இரண்டையும் இணைக்க வழியே இல்லை. உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு மார்ச் 21இல் பத்திர எண்களோடு வந்த கோப்புகள்தான் பயன்படும். இரண்டும் 2019 ஏப்ரல் 12இலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முந்தைய விற்பனைக்கு, கட்சிகள் உறையிட்டுக் கொடுத்து மார்ச் 17இல் வெளியான ஆவணங்களைப் பார்க்க வேண்டும். திமுக, அதிமுக போன்ற சில கட்சிகள் மட்டுமே அதில் கொடுத்தவர் பெயரைச் சொல்லியிருக்கின்றன. முதல் பட்டியலைப் பதிவிறக்கி வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிட்டு 21ஆம் தேதிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.