சொட்டும் குழாய்க்கு வாஷரா, செராமிக்கா?

ஊட்டி வீடுகளில் குழாய் சொட்டினால் இரண்டு வழி: பழைய பித்தளைக் குழாயில் வாஷர் மாற்றுவது, அல்லது உள்ளே செராமிக் தட்டுகள் கொண்ட, கால் சுற்றில் திறக்கும் செராமிக் குழாய் பொருத்துவது.

செலவு: வாஷர் சில ரூபாய். செராமிக் குழாய் சில நூறு.

உழைப்பு: ரப்பர் வாஷர் அழுந்தி அழுந்தித் தேயும், முறுக்கி மூடும் கைகள் உள்ள வீட்டில் இன்னும் சீக்கிரம். செராமிக் தட்டுகள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் ஊற்றுநீரோடு வரும் மணல் அவற்றுக்கு எமன். ஒரு துகள் சிக்கினாலும் தட்டில் கீறல் விழலாம். பிறகு தட்டுகள் அடங்கிய உட்பகுதியான கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். சரியான அளவு கடையில் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

எளிமை: மார்கழிக் குளிரில் விறைத்த விரல்களுக்குச் செராமிக்தான் சுகம். வாஷர் மாற்ற, தொட்டி வால்வை மூடிவிட்டு ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினால் போதும்.

ஊற்றுநீர் நேராக வரும் கொல்லைக்கு வாஷர் குழாய். தெளிந்த நீர் வரும் சமையலறைக்கும் முதியவர் புழங்கும் குளியலறைக்கும் செராமிக்.