ஐவர்மலை அம்மணமும் தானே நகர அம்மணமும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் ஐவர்மலை. பாறை விளிம்புக்குக் கீழே சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் விரிக்கிறது. உடம்பில் ஒரு நூல் இல்லை. கூட வந்த அண்ணன் மகள், “சித்தப்பா, இவங்களுக்குக் குளிராதா?” என்றாள். மேலே கொடைக்கானலில் கேட்க வேண்டிய கேள்வி! கீழே பழனியாண்டிக்குக் கோவணமாவது உண்டு.

கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் என்ற சமண ஆசான் இந்தத் திருமேனிகளைப் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அம்மணம் என்ற சொல்லே சமணரைக் குறித்த ‘அமண்’ வழியாக வந்தது என்பார்கள். துறவியின் பெயர் காலப்போக்கில் வசவாகிப்போனது.

அப்புறம் மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் தானே நகரம். அங்கே நீதிபதியாக இருந்த சார்லஸ் கிராஃபோர்டு 1891இல் ஓர் அம்மணச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் மூன்றே பேர். ஹாம்பர்க் பக்கத்தில் ஜெர்மானியர் 1903இல் அம்மணப் பூங்கா திறப்பதற்கு முன்பே இது நடந்துவிட்டது.

ஆடை துறந்த சமணத் துறவியான திகம்பரருக்குத் துணி கடைசிச் சொத்து, விட்டால் விட்டதுதான். சங்கத்தாருக்கோ வெயிலும் காற்றும் உடம்பில் படவேண்டும், திங்கட்கிழமை கோட்டு மாட்டிக்கொள்ளலாம். எனக்கு முதலாவதுதான் கனமாகப் படுகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது: திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் போராடி, மேலாடைக்கு அரசாணை வாங்கியதே 1859இல்தான். கழற்றுவதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

கிராஃபோர்டுக்கு மகாராஷ்டிரத்து ரத்தினகிரிக்கு மாற்றல் வந்தது. சங்கமும் கலைந்தது.