சாணத்தில் எண்ணெயா, எரிவாயுவா?

பொள்ளாச்சி தாண்டி கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தில் எண்ணெய் எடுக்கலாமாமே என்று கேட்கிறார்கள். எடுக்கலாம்தான். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பன்றிக் கழிவில் எடுத்தே காட்டினார்கள்: ஈரத்தோடேயே மூடிய கலனில் போட்டு, 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் கடும் அழுத்தமும் கொடுத்தால் கருப்பாக, கெட்டியாக எண்ணெய். காயவைக்கும் வேலை மிச்சம். ஆனால் அதில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதிகம், சுத்திகரிக்காமல் டீசல் இன்ஜினில் ஊற்ற முடியாது, அப்புறம் மிஞ்சும் நாற்றத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விடவும் கூடாது.

சாண எரிவாயுவுக்கு இந்த ஊர் வெயிலே போதும். தண்ணீரும் சாணமும் சரிபாதி, 25 கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ ஒரு கனமீட்டர் வாயு. மெதுவாகத்தான் வரும், சரி, ஆனால் கழிவுக்குழம்பு தென்னைக்குப் போகிறதே! நாலு மாட்டுக்கு எரிவாயுதான். எண்ணெயெல்லாம் ஆயிரக்கணக்கில் மாடு கட்டுகிற பண்ணைக்கு.