புது பெயிண்ட் அடிச்ச பழைய ஃபிளாட் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் இத படிச்சிட்டு போங்க

இந்த பதிவ கோவத்துல எழுதல. கோவம் போன மாசமே போயிடுச்சு. இப்ப ஆன்லைன்ல வீடு தேடிட்டு இருக்குற யாராவது ஒருத்தர் எங்கள மாதிரி மாட்டாம இருந்தா போதும்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க சென்னையில மேடவாக்கம் பக்கம் ரீசேல்ல டூ பெட்ரூம் ஃபிளாட் தேடிட்டு இருந்தோம். தினமும் ராத்திரி சாப்ட்டு முடிச்சு பாத்திரம் கழுவி வச்சிட்டு போன எடுத்தா பதினோரு மணி வரைக்கும் வீட்டு விளம்பரம்தான், ஒவ்வொரு போட்டோவா பெருசு பண்ணி பாக்குறது, பிடிச்சத என் கணவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறது, ரெண்டு மாசம் இதே வேலை. கடைசியா ரெண்டு வீடு நின்னுச்சு. ரெண்டும் பதிமூணு பதினாலு வருஷ பில்டிங், அளவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், விளம்பரத்துல ஆயிரம் சதுர அடின்னு இருக்கும், உள்ள நாம நடக்குற எடம் 720 தான்.

முதல் வீடு 48 லட்சம். குடித்தனம் இருந்த வீடு, சுவர் பூரா பசங்க கிரேயான்ல கிறுக்கினது, கிச்சன்ல வெறும் கடப்பா கல் ஷெல்ஃபு. ரெண்டாவது 53 லட்சம். முழுக்க புது பெயிண்ட், மூணு ரூம்லயும் ஃபால்ஸ் சீலிங் (கூரைக்கு கீழ ஜிப்சம் போர்டுல போடுற அலங்கார சீலிங்), மாடுலர் கிச்சன், ரெண்டு வார்ட்ரோப். போட்டோவுல பளபளன்னு இருந்துச்சு.

நான் நோட்டு எடுத்து கணக்கு போட்டேன். 48 லட்சம் வீட்ட வாங்குனா பெயிண்டுக்கு 55,000 (மேஸ்திரிங்க தரை அளவுக்கு ரேட் போட மாட்டாங்க, சுவர் சீலிங் எல்லாம் அளந்துதான் போடுவாங்க, 720 அடி வீட்டுக்கே 2,500 சதுர அடி வந்துடும், அத நிறைய பேர் மறந்துடுறாங்க), ஃபால்ஸ் சீலிங் 45,000, கிச்சன் 1,80,000, வார்ட்ரோப் 1,60,000, லைட்டு எலக்ட்ரீஷியன் கூலி 40,000. மொத்தம் 4,80,000. வித்தியாசம் அஞ்சு லட்சம்தானே, சரியா போச்சுன்னு நெனச்சேன். அதுவும் இல்லாம அந்த அஞ்சு லட்சம் வீட்டு விலையோட சேந்து வந்தா 80 சதவீதம் பேங்க் லோன்ல போயிடும், தனியா இன்டீரியர் பண்ணா கையில இருந்துதான் எடுக்கணும், நகைய வைக்கணும். நடுத்தர குடும்பத்துல யாரா இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பாங்க. விக்கிறவங்களுக்கும் புரோக்கருக்கும் இது நல்லாவே தெரியும், அதுக்கு ஏத்த மாதிரிதான் வீட்ட ரெடி பண்ணி வைக்கிறாங்கன்னு இப்ப புரியுது.

மே மாசம் அந்த 53 லட்சம் வீட்ட பாக்க போனோம். ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சு, ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. எங்க அப்பா மட்டும் "எதுக்கும்மா விக்கப்போற வீட்டுக்கு இவ்வளவு செலவு பண்ணிருக்காங்க"ன்னு கேட்டார். புரோக்கர் உடனே "ஓனர் பொண்ணு கல்யாணத்துக்காக பண்ணது சார், இப்ப வெளியூர் போறாங்க"ன்னார். அப்பா அப்பயும் தலைய ஆட்டல. நான்தான் அவர சமாதானம் பண்ணி கூட்டிட்டு வந்தேன்.

ஜூன்ல பத்திரம் முடிஞ்சுது. ஸ்டாம்ப் டியூட்டி 7, பதிவு கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். யோசிச்சு பாருங்க, அந்த அஞ்சு லட்சம் அலங்காரத்துக்கு மட்டுமே 45,000 ரூபா கவர்மெண்டுக்கு கட்டிருக்கோம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் 53,000. ஆவணியில பால் காய்ச்சி குடி வந்தோம்.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச நாலாவது நாள். பெட்ரூம்ல கட்டில நகத்தி பெருக்கிட்டு இருந்தேன், கட்டிலுக்கு பின்னாடி சுவர்ல பெயிண்ட் உள்ளங்கை அளவுக்கு உப்பி நின்னுச்சு. விரலால லேசா அழுத்துனேன், அப்பளம் நொறுங்குற மாதிரி நொறுங்கி கீழ கொட்டுச்சு. உள்ள பஞ்சு மாதிரி வெள்ளையா உப்பு. ஊதுனா பறக்குது. அதுக்கும் உள்ள பூச்சு ஈரமா, நகத்தால கீறுனாலே மண்ணா உதிருது. அன்னைக்கு ராத்திரி ஹால்ல ஃபால்ஸ் சீலிங் மூலையில டீ கொட்டுன மாதிரி ஒரு கறை, ரெண்டு நாள்ல அது தட்டு அளவுக்கு ஆச்சு, மூணாவது நாள் ஜிப்சம் போர்டு தொங்கிடுச்சு.

மேஸ்திரிய வரச் சொன்னோம். அவர் சுவத்த தட்டி பாத்தார், சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு அவருக்கு. "அம்மா, உப்பு பூத்த பூச்ச கொத்தி எடுக்காம மேலயே பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருக்காங்க, இது ஒரு மழை தாங்காது"ன்னார். வெளிச்சுவர்ல வெடிப்பு, அது வழியா தண்ணி செங்கல்லுக்குள்ள எறங்குது, உள்ள இருக்குற உப்ப கரைச்சு எடுத்துட்டு வந்து சுவர் காயும்போது மேல விட்டுட்டு போகுது. எத்தன கோட் அடிச்சாலும் தண்ணி வர்ற வழிய அடைக்காத வரைக்கும் அது தள்ளிட்டு வெளிய வரும். ஃபால்ஸ் சீலிங்க பிரிச்சா மேல ஸ்லாப் பூரா கருப்பா பூஞ்சை, கம்பி துரு. மேல் வீட்டு பாத்ரூம் சங்கன் ஸ்லாப்ல (பைப் போறதுக்காக தாழ்த்தி போட்ட தளம்) இருந்து பல வருஷமா ஒழுகிட்டு இருந்திருக்கு. அத மறைக்கத்தான் சீலிங்கே போட்டிருக்காங்க.

இதுல என் மனச ரொம்ப உடைச்சது ஒண்ணு இருக்கு. சும்மா ஒரு சந்தேகத்துல வேற ஒரு சைட்ல அதே ஏரியா பழைய விளம்பரங்கள தேடுனேன். எங்க ஹால் ஜன்னல்ல மயில் டிசைன் கிரில் இருக்கும், தனியா தெரியும். அதே கிரிலோட ஒரு விளம்பரம் கெடச்சுது, நாங்க வாங்குறதுக்கு ஏழு மாசம் முன்னாடி போட்டது, விலை 46 லட்சம். போட்டோவுல ஃபால்ஸ் சீலிங் இல்ல, ஹால் மூலையில அதே எடத்துல பெரிய ஈரக்கறை. கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த வெலைக்கு போகலன்னு மூடி மறைச்சு ஏழு லட்சம் ஏத்தி வித்திருக்காங்க. கிச்சனும் அப்படித்தான், 710 சீல் போட்ட, அதாவது தண்ணி தாங்குற பிளைவுட்னு சொன்னாங்க, சிங்க் அடியில கழட்டி பாத்தா பார்ட்டிகிள் போர்டு, தண்ணி குடிச்சு ஊறி போயிருக்கு.

புரோக்கர் மொதல்ல "மழைன்னா அப்படித்தான் மேடம்"ன்னார், அப்புறம் போனே எடுக்கல. வக்கீல் கிட்ட போனோம். ரெரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம்) கட்டுமான குறைக்கு அஞ்சு வருஷ பொறுப்பு பில்டருக்குத்தான், பழைய ஓனர் கிட்ட வாங்குனதுக்கு அது வராதாம். ஆனா 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவுல, சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாத குறைய தெரிஞ்சே மறைச்சு விக்கக் கூடாது, சொல்லியாகணும்னு இருக்குன்னார். அந்த பழைய போட்டோதான் நம்ம சாட்சி, பத்திரமா வைங்கன்னார்.

இப்ப வீடு பாக்குறவங்க தயவு செஞ்சு இத மட்டும் பண்ணுங்க. ஃபால்ஸ் சீலிங் இருந்தா அதுல இருக்குற குட்டி லைட்டு ஸ்பிரிங்லதான் நிக்கும், ஒண்ண கழட்ட சொல்லி ஓட்டை வழியா போன் டார்ச் அடிச்சு ஸ்லாப்ப பாருங்க, முடியாதுன்னு சொன்னா அப்படியே கெளம்பிடுங்க. மேல் வீட்டுக்காரங்க கிட்ட பேசுங்க, அவங்களுக்கு ஒழுகுற விஷயம் பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும், எங்க மேல் வீட்டு அக்கா "உங்களுக்கு சொல்லலயா?"ன்னு என்னையே திருப்பி கேட்டாங்க. லாஃப்ட் உள்ள, வார்ட்ரோப் பின்னாடி, ஜன்னலுக்கு கீழ சாவியால தட்டி பாருங்க, பூச்சு உள்ள விட்டுப் போயிருந்தா சத்தத்துலயே தெரியும். முடிஞ்சா மழை நாள்ல ஒரு தடவ போங்க. அதே வீட்டோட பழைய விளம்பரம் இருக்கான்னு தேடுங்க. முக்கியமா, கிறுக்குன சுவர பாத்து பயப்படாதீங்க, அதுல எது நல்லா இருக்கு எது கெட்டுருக்குன்னு கண்ணுக்கு நேரா தெரியுது. அந்த 48 லட்சம் வீட்ட போன வாரம் தாண்டி போனேன், இத்தன மழையிலயும் வெளிச்சுவர்ல ஒரு கறை இல்ல.

எங்களுக்கு இதுவரைக்கும் மேல் வீட்டு பாத்ரூம் ஒடச்சு சரி பண்ணது, வெளிச்சுவர் வெடிப்பு, பூச்சு கொத்தி மறுபடி பூசுனது எல்லாம் சேத்து 2,60,000 ஆயிடுச்சு, கிச்சன இன்னும் தொடவே இல்ல. ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு, பதில் வரல, வந்தா இங்கயே எழுதுறேன். ஹால் சுவர் இன்னும் காஞ்சிட்டு இருக்கு, தை பொறக்குற வரைக்கும் பெயிண்ட் டப்பாவ தொறக்கவே கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டு போயிருக்கார்.