ஒரு வேளை பிரியாணியா, ஒரு நாள் முழுக்க சீட் டேவா, இல்ல ஏழு நாளும் கறாரா?

வாரம் பூரா காலைல எழுந்து நடக்குறோம், ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திக்கிறோம், ஞாயித்துக்கிழமை மட்டும் வாய்க்கு ருசியா சாப்பிட்டா அத்தனையும் வீணாப் போயிடுமா? வாக்கிங் போற கூட்டத்துலயும் சரி, ஜிம்லயும் சரி, இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில்தான் கிடைக்கும். "ஒரு நாள் தானே சார், நல்லா சாப்பிடுங்க, மெட்டபாலிசம் (உடம்பு கலோரியைச் செலவழிக்கிற வேகம்) ஏறும்"னு ஒருத்தர் சொல்வார், "ஒரு பிரியாணி சாப்பிட்டா ஒரு வாரம் நடந்தது போச்சு"ன்னு இன்னொருத்தர் பயமுறுத்துவார். ரெண்டுமே சரியில்லங்கிறது என் கருத்து. ஒரு வேளை சாப்பாடு யாரோட உழைப்பையும் அழிக்காது, ஒரு நாள் முழுக்க சாப்பிட்டா கிட்டத்தட்ட அழிச்சிடும், இது ரெண்டையும் விட தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போறதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

சும்மா சொன்னா போதாது, கணக்கு போட்டுப் பார்ப்போம். 75 கிலோ இருக்குற ஒருத்தர், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 2000 கலோரி செலவாகுது, அவர் 1600 சாப்பிடுறார்னு வெச்சுக்குவோம், தினம் 400 மிச்சம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ குறைய தோராயமா 7700 கலோரி மிச்சமாகணும். (எடை குறையக் குறைய உடம்போட செலவும் குறையும், அதனால நிஜத்துல இது கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும், ஆனா நாலு வழியை ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.)

முதல் வழி, ஏழு நாளும் கறாரா இருக்குறது. வாரத்துக்கு 2800 மிச்சம், நாலு வாரத்துல கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ குறையும். கணக்குப்படி இதை அடிச்சுக்க ஆளே இல்ல.

ரெண்டாவது வழி, ஞாயித்துக்கிழமை முழுக்க சீட் டே, அதாவது டயட்டை ஓரமா வெச்சுட்டு இஷ்டத்துக்கு சாப்பிடுற நாள். நம்ம ஊர்ல அது எப்படிப் போகும்னு எல்லாருக்கும் தெரியும். காலைல பூரி மசாலா, கூட ஒரு வடை, தோராயமா 700. மதியம் பிரியாணி, சிக்கன் 65, ஒரு கூல்ட்ரிங்க்ஸ், வீட்டுக்கு வர்ற வழியில ஐஸ்கிரீம், அது ஒரு 1430. சாயங்காலம் பஜ்ஜியும் டீயும் 450. ராத்திரி மூணு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், 1050. மொத்தம் 3630. கடைக்குக் கடை எண்ணெயும் அளவும் மாறும், அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா இது ஒண்ணும் பெருந்தீனி இல்ல, சாதாரண ஞாயித்துக்கிழமை. செலவு 2000 போக 1630 அதிகம். ஆறு நாள் கஷ்டப்பட்டு சேர்த்த 2400ல அது போயிடுச்சுன்னா மிச்சம் 770. வாரத்துக்கு நூறு கிராம், மாசத்துக்கு நானூறு கிராம். சரக்கு அடிக்கிற பழக்கம் இருந்தா, ஆல்கஹாலுக்கு கிராமுக்கு 7 கலோரி, சைட் டிஷ் வேற, அந்த 770ம் காலி. "ஆறு நாள் அவ்ளோ ஒழுங்கா இருந்தும் ஒண்ணும் குறையலையே, எனக்கு தைராய்டா இருக்குமோ"ன்னு டெஸ்ட் எடுக்க ஓடுறவங்கள்ல சில பேருக்காவது காரணம் இந்த ஒரு நாள்தான்.

மூணாவது வழி, ஒரே ஒரு வேளை. அதே பிரியாணி, அதே 65, அதே ஐஸ்கிரீம், எதையும் விட வேண்டாம், ஆனா காலைல மூணு இட்லி, ராத்திரி பசிக்கு ஏத்த மாதிரி ஏதாவது லேசா. அன்னைக்கு மொத்தம் 2300 போச்சுன்னாலும் அதிகம் 300தான். வார மிச்சம் 2100, நாலு வாரத்துல ஒரு கிலோவுக்கு மேலயே குறையும். ஏழு நாளும் கறாரா இருந்தவருக்கும் இவருக்கும் மாசத்துக்கு வித்தியாசம் முந்நூத்தம்பது கிராம் சொச்சம். நாலு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட உட்கார்ந்து நிம்மதியா சாப்பிட்டதுக்கு அது பெரிய விலையே இல்லன்னு நான் நினைக்கிறேன்.

நாலாவது வழியை யாரும் ஒரு வழின்னே சொல்ல மாட்டாங்க. "நான் சீட் மீல்லாம் வெச்சுக்கறதில்ல, தினமும் கொஞ்சூண்டு, அவ்ளோதான்." ஆபீஸ்ல ரெண்டு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, சர்க்கரை மட்டும் 80 கலோரி, அது கூட நாலு பிஸ்கட், இல்லன்னா ஒரு வடை, யாரோ பர்த்டேக்குக் கொடுத்த கேக்ல ஒரு துண்டு. தினம் 250 சுலபமா ஏறிடும். 400 மிச்சம் 150 ஆயிடும், வாரத்துக்கு 1050, மாசத்துக்கு அரைக் கிலோ சொச்சம். அதாவது வாரம் ஒரு தடவை பிரியாணியை ஒரு பிடி பிடிச்சவரை விட, பிரியாணியைத் தொடாம தினம் டீயும் பிஸ்கட்டுமா இருந்தவருக்குப் பாதிதான் குறையும். வடை தப்புன்னு சொல்லல, அந்த 250ஐயும் 1600க்குள்ள கொண்டு வந்துட்டா இதுவும் நல்ல வழிதான், சொல்லப்போனா ஏக்கமே வராத வழி. ஆனா நின்னுக்கிட்டே சாப்பிட்டதையும் பேசிக்கிட்டே சாப்பிட்டதையும் யாரு கணக்கு வெச்சுக்கறா?

சரி, அப்போ கணக்குல ஜெயிச்ச முதல் வழியையே பிடிச்சுக்கலாமேன்னா, அங்கதான் மனசு குறுக்க வருது. 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. முதல்ல மில்க்‌ஷேக் குடிக்க வெச்சு, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொல்லி எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு விட்டாங்க. சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லாதவங்க, வயிறு ஏற்கெனவே நிறைஞ்சதால ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. எப்பவும் டயட்ல இருக்குறவங்க, மில்க்‌ஷேக் குடிச்ச பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமா சாப்பிட்டாங்க. "அதான் கெட்டுப்போச்சே, இனிமே என்ன"ங்கிற அந்த மனநிலைதான். ஏழு நாள் கறார்ல இருக்குற ஆபத்து இதுதான், ஒரு ஜாங்கிரி வாய்க்குள்ள போனதும் அந்த நாளே போச்சுன்னு தோணும், அந்த நாள் போனா "திங்கக்கிழமைல இருந்து பார்த்துக்கலாம்"னு தோணும், திங்கக்கிழமை வந்தா மாசக் கடைசின்னு ஒண்ணு இருக்கும். அந்த ஜாங்கிரிக்கு 200 கலோரி கூட இருக்காது, அதுக்கப்புறம் நடக்குறதுதான் ஆயிரக்கணக்குல போகுது.

இங்க நேர்மையா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டி, செயின்ட் லூயிஸ்ல நடந்து 2008ல வெளியான ஆய்வு ஒண்ணுல, சாப்பாட்டைக் குறைச்ச குரூப்புக்கு வார நாள்ல எடை குறைஞ்சது, சனி ஞாயிறுல குறையிறது நின்னு போச்சு, உடற்பயிற்சி மட்டும் செஞ்ச குரூப்புக்கு சனி ஞாயிறுல எடை ஏறவே செஞ்சது. அதே மாதிரி 1994ல ஆரம்பிச்ச அமெரிக்க எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, குறைஞ்சது 13.6 கிலோ குறைச்சு ஒரு வருஷமாவது அப்படியே வெச்சிருக்குறவங்களோட பதிவு அது. அதுல வாரம் முழுக்க ஒரே மாதிரி சாப்பிட்டவங்களுக்கு, வார நாள்ல மட்டும் கறாரா இருந்தவங்களை விட அடுத்த வருஷமும் எடையைத் தக்க வெச்சுக்கிற வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம்னு 2004ல எழுதினாங்க. இதைப் படிச்சா கறார் கட்சிதான் ஜெயிச்ச மாதிரி தெரியும். நான் அப்படிப் பார்க்கல. அங்க அடி வாங்குறது ஆறு நாள் இறுக்கி ஒரு நாள் அவுத்து விடுற முறை, அதாவது நம்ம ரெண்டாவது வழி. ஆறு நாள் 1200 கலோரியில காய்ஞ்சு கிடந்தா ஞாயித்துக்கிழமை ஒரு வேளையோட எப்படி நிக்கும்? வார நாள் சாப்பாடு வயிறு நிறையிற மாதிரி, சாம்பார், கூட்டு, முட்டை, சுண்டல், மீன் குழம்புன்னு மனுஷங்க சாப்பிடுற மாதிரி இருந்தாத்தான் அந்த ஒரு வேளை ஒரு வேளையாவே இருக்கும்.

மெட்டபாலிசம் ஏறும்ங்கிற கதைக்கு வர்றேன். முழுப் பொய் இல்ல, ஆனா அளவைப் பார்க்கணும். 2000ஆம் வருஷம் வந்த ஒரு சின்ன ஆய்வுல 3 நாள் கார்போஹைட்ரேட்டை வெச்சு தேவைக்கு மேல 40 சதவீதம் சாப்பிட வெச்சதுல ஒரு நாள் செலவு 7 சதவீதம்தான் ஏறுச்சு. நம்ம ஆள் கணக்குல அது 140 கலோரி. 140 செலவு ஏறணும்னு 1600 அதிகமா சாப்பிடுறதுல என்ன லாபம்? ஆசைக்கு சாப்பிடுறோம்னு சாப்பிட்டுட்டுப் போகலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

சாப்பிட்டதை நடந்தே கரைச்சிடலாம்ங்கிறதும் நடக்காது. 75 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா, சும்மா உட்கார்ந்திருக்குறதை விட தோராயமா 190 கலோரிதான் கூடுதலா செலவாகும். அந்த மதியச் சாப்பாட்டுல வழக்கத்தை விட அதிகமா போனது 900னா அதுக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் நடக்கணும். அப்போ உடற்பயிற்சி வீணான்னா, இல்லவே இல்ல, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புறேன். பிரஷர் குறையிறது, நெஞ்சுக்கு வலு, தசை, தூக்கம், இதெல்லாம் பிரியாணி சாப்பிட்டதால திரும்பிப் போகாது. ஒரு தடவை நல்லா உடற்பயிற்சி செஞ்சா தசை சர்க்கரையை இழுத்துக்கிற திறன் ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் கூடுதலா இருக்கும், அதனால சனிக்கிழமை காலைல நடந்தவரோட உடம்பும் நடக்காதவரோட உடம்பும் ஞாயித்துக்கிழமை பிரியாணியை ஒரே மாதிரி எடுத்துக்காது. இங்கிலாந்துல பாத் யுனிவர்சிட்டி 2020ல 14 ஆரோக்கியமான இளைஞர்களை இனிமே ஒரு வாய் கூட முடியாதுங்கிற அளவு பீட்சா சாப்பிட வெச்சுப் பார்த்துச்சு, வழக்கமா வயிறு நிறையிறதை விட ரெண்டு மடங்கு உள்ள போச்சு, ஆனாலும் ரத்தச் சர்க்கரை சாதாரண சாப்பாட்டை விடப் பெருசா ஏறல, இன்சுலின் 50 சதவீதம் அதிகமா சுரந்து சமாளிச்சுடுச்சு. எப்பவாவது ஒரு தடவைன்னா உடம்பு தாங்கும். அடிக்கடின்னா அது வேற கதை.

அதுவும் ஆரோக்கியமானவங்களுக்கு. இந்தியாவுல 10 கோடிக்கு மேல சர்க்கரை நோயாளிகள் இருக்காங்கன்னு 2023ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு சொல்லுச்சு, நம்ம வாக்கிங் கூட்டத்துல பாதிப் பேர் டாக்டர் சொல்லித்தான் நடக்கவே ஆரம்பிச்சிருப்பாங்க. அவங்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. ஒரு வேளைன்னாலும் சோத்தோட அளவைக் குறைச்சு, கறித்துண்டையும் முட்டையையும் கூட்டி, கூல்ட்ரிங்க்ஸை விட்டுட்டு, சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடந்தா நல்லது. முக்கியமா, மதியம் விருந்து இருக்கேன்னு காலைல மாத்திரை மட்டும் போட்டுட்டு பட்டினி கிடக்காதீங்க, இன்சுலின் போடுறவங்களுக்கும் சில மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் சர்க்கரை இறங்கி மயக்கமே வரும். அதே மாதிரி ஆரம்பிச்சா நிறுத்த முடியாம, யாருக்கும் தெரியாம சாப்பிட்டுட்டு அழறவங்க இருக்காங்க, அவங்களுக்கு சீட் மீல் பேச்சே வேண்டாம், மனநல டாக்டரைப் பார்த்தா உதவி கிடைக்கும், அது வெக்கப்படுற விஷயமே இல்ல.

திங்கக்கிழமை காலைல எடை மெஷின்ல ஏறாதீங்க. ஒன்றரைக் கிலோ கூடத்தான் காட்டும், அது கொழுப்பு இல்ல. தசையிலயும் கல்லீரல்லயும் கிளைகோஜனா (உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) சேர்ற ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணி கூடவே தங்கும், சால்னாவுல இருந்த உப்பும் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். அதைப் பார்த்துப் பயந்து திங்கக்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்தா செவ்வாக்கிழமை சாயங்காலம் டீக்கடை வாசல்ல நிப்பீங்க. வெள்ளிக்கிழமை காலைல, வாரா வாரம் அதே கிழமைல ஏறிப் பாருங்க.

எனக்கு மூணாவது வழிதான். ஆனா ஒரு வேளைன்னா அது எந்த வேளைன்னு முன்னாடியே தெரியணும், இல்லன்னா அது சத்தமில்லாம மூணு வேளை ஆயிடும். ஆவணி, தை மாசம் வந்துட்டா வாரத்துக்கு ரெண்டு பத்திரிகை வருது, வளைகாப்பு வேற, காதுகுத்து வேற, இது போதாதுன்னு "என்ன மாப்ள இளைச்சுட்டீங்க, இன்னொரு கரண்டி வைங்கப்பா"ன்னு பந்தியில பெரியவங்க அன்பா நிப்பாங்க. அந்த வாரத்துல ஹோட்டல் பிரியாணியை விட்டுட்டு சொந்தக்காரங்க கல்யாணச் சாப்பாட்டையே அந்த ஒரு வேளையா வெச்சுக்கலாம், இலை போட்டு உட்கார்ந்து பாயசம் வரைக்கும் முழுசா சாப்பிடலாம். இன்னொரு விசேஷத்துக்கு ரிசப்ஷனுக்குப் போய் மொய் வெச்சுட்டு, வீட்டுல வந்து ரெண்டு தோசை.