ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்: 36 வயதில் வண்டி கற்றுக்கொண்டவளின் மதிப்புரை

நான் கால்நடைப் பராமரிப்புப் பணியில் இருப்பவள். வீடு வேலூர் பாகாயத்தில். வேலையோ அரியூர், ஊசூர் தாண்டி அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில். 36 வயது வரை சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. பேருந்து மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டரை நடந்தோ, பால் கேன் ஏற்றிவரும் யாராவது ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டோதான் கடக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டியது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், அந்தப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்ற ஒரு நாளில்தான் சொந்த வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

"ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளலாமே" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் யாருமில்லை. பெண் என்றால் ஸ்கூட்டி என்பது இங்கே எழுதப்படாத சட்டம். வேலூர் நகரத்துக்குள் மட்டும் போய்வருவதாக இருந்தால் நானும் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் பெரும்பாலான ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். ஸ்பிளெண்டருக்கு இரண்டு சக்கரமும் 18 அங்குலம். ஜல்லி பெயர்ந்த ஏரிக்கரைச் சாலையில் சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி முட்டுகிறது, பெரிய சக்கரம் குழியின் மேலாக உருண்டு போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை. ஊசூரில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்.

கற்றுக்கொள்வதற்காக முதலில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். பெண்களுக்குக் காரும் ஸ்கூட்டியும்தான் சொல்லித் தருவோம், கியர் வண்டிக்கு ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பிறகு என் தம்பிதான் குரு. அவனுடைய பழைய ஸ்பிளெண்டர்தான் பாடநூல், அறுவடை முடிந்த களத்துமேடுதான் பள்ளிக்கூடம். முதல் இரண்டு நாட்கள் இன்ஜினை ஓட விடாமலேயே வண்டியைத் தள்ளவும், திருப்பவும், சென்டர் ஸ்டாண்டு போடவும் பழக்கினான். அப்போது அது எனக்கு வெறும் வேலை வாங்குவதாகவே தோன்றியது. 112 கிலோ எடையை இடுப்பில் சாய்த்துப் பழகிய பின்புதான், வண்டி விழுந்துவிடும் என்கிற அச்சம் நீங்கியிருப்பதை உணர்ந்தேன்.

மூன்றாம் நாள் கிளட்ச். கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகிவிடும். இருபது முறைக்கு மேல் அப்படித்தான் ஆயிற்று. "இன்னாக்கா அவசரம்? கொழம்புக்குப் புளி கரைச்சு ஊத்துற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா வுடு" என்றான் தம்பி. கை தானாகப் புரிந்துகொண்டது. வண்டி நகரத் தொடங்கும் அந்த இடத்தில் விரல்களை ஒரு நொடி நிறுத்திவைத்து, பிறகு மீதியை விட வேண்டும். இதற்கு ஸ்பிளெண்டர் மிகவும் ஒத்துழைக்கிற வண்டி. 97.2 சிசி இன்ஜினின் ஏறத்தாழ 8 குதிரைத்திறன் பெரிய சக்தியல்ல என்றாலும், முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே சமதரையில் மெல்ல ஊர்ந்து செல்லும். முறுக்கினாலும் பாய்ந்து ஓடிவிடாது. தவறைப் பொறுத்துக்கொள்வது கற்றுக்கொள்பவருக்கு வண்டியிடம் வேண்டிய முதல் குணம் என்பேன்.

கியரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வண்டி வாங்கப்போகும் புதியவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. ஸ்பிளெண்டரில் நியூட்ரல் மேல் முனையில் இருக்கிறது. அங்கிருந்து நான்கு கியர்களையும் முன்பாதத்தால் மிதித்து மிதித்தே போடலாம், குறைப்பதற்குக் குதிகாலால் அழுத்த வேண்டும். வேறு பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். அந்த நடு இடத்தைத் தேடிப்பிடிப்பது புதியவருக்குப் பெரும்பாடு. சிக்னலில் நின்று கீழேயும் மேலேயும் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிளெண்டரில் நிற்கப்போகும்போது குதிகாலால் அழுத்திக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரல் தானாக வந்து நிற்கும், பச்சை விளக்கும் எரியும். இதற்கு ஒரு விலையும் உண்டு. இந்த முறையில் பழகிய கால், வேறு வண்டியில் ஏறினால் தடுமாறும். என் கணவரின் புல்லட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது, கியரைக் கூட்டுவதாக நினைத்துக் குறைத்து, வண்டி இரைந்த இரைச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை.

எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாட்கள் கழித்துத்தான் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும், எல்.எல்.ஆர். செல்லுபடியாவது 6 மாதம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்கள் அதைக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டு போடும் அன்று தம்பியின் வண்டியையே கொண்டுபோனேன். முதல் கியர், பாதி பிடித்த கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல், அடுத்து திரும்ப வேண்டிய வளைவைப் பார்க்க வேண்டும். கால் தரையில் படவில்லை.

உரிமம் கைக்கு வந்த பிறகும் உடனே வாங்கவில்லை. 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்காகக் காத்திருந்து தீபாவளிக்கு முந்தைய வாரம் வாங்கினேன். நான் போன ஷோரூமின் பெயரை எழுத விரும்பவில்லை. ஆன்ரோடு விலை என்று ஒரே தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். பிரித்துக் கேட்டபோது, ஆயுட்கால வரி, 5 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆகிய தவிர்க்க முடியாதவற்றோடு, "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்" என்று ஒரு வரியும் இருந்தது. அதற்குள் சாரி கார்டும் இருந்தது. பின்சக்கரத்தில் உடை சிக்காமல் காக்கும் தடுப்பு, பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால்மிதி ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வண்டியோடு வர வேண்டியவை. அதை எடுத்துச் சொன்னதும் அந்த வரியை மறுபேச்சின்றி அடித்தார்கள். சொல்லாதவர்கள் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் வரிவரியாகக் கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

இப்போது 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டேங்கை முழுவதும் நிரப்பி, 318 கிலோமீட்டர் ஓடி, மீண்டும் நிரப்பியபோது 5.1 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 62 கிலோமீட்டர். 9.8 லிட்டர் டேங்க் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்குக்குப் போனால் போதும். 785 மில்லிமீட்டர் இருக்கை உயரம், ஐந்தடி ஓர் அங்குலமே உள்ள எனக்குச் சற்று அதிகம்தான். இரண்டு கால்களையும் ஊன்றினால் முன்பாதம் மட்டுமே தரையைத் தொடுகிறது. இருந்தும் வண்டி எடை குறைவு என்பதால் ஒரு காலில் தாங்கிவிட முடிகிறது. தடுப்பூசிப் பெட்டி பின்சீட்டில் கயிறு கட்டினால் அசையாமல் இருக்கிறது. அழகைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. 1994 முதல் ஊரெல்லாம் ஓடும் உருவம்தான். ஹோண்டா பிரிந்துபோய் இத்தனை ஆண்டுகளாகியும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை ஹீரோ ஹோண்டா என்றே அழைக்கிறார்கள்.

ஐ3எஸ் வசதி என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. நியூட்ரலில் சில நொடிகள் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும், கிளட்ச்சைப் பிடித்தால் மறுபடி உயிர்பெறும். இதை அறியாமல் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் வண்டி கெட்டுவிட்டதென்று பதறி, பின்னால் ஹாரன்கள் முழங்க ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். புதியவர்கள் முதல் சில வாரங்களுக்கு வலக்கைப் பக்கமுள்ள அதன் சுவிட்சை அணைத்து வைத்திருப்பது நல்லது.

குறைகள் உண்டு. சேலையில் இதை ஓட்ட முடியாது. பணிக்குச் சுடிதாருக்கு மாறிவிட்டேன். ஒடுகத்தூர்ச் சாலையின் இருட்டுக்கு முகப்பு விளக்கு போதவில்லை. நான் வாங்கிய வகையில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். கால் பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு ஊர்ச் சாலை வேகத்துக்குப் போதுமானது. டிஸ்க் பிரேக் வேண்டுமென்பவர்கள் ஸ்பிளெண்டரின் எக்ஸ்டெக் வகையில் பார்க்கலாம்.

உண்மையான குறை நெடுஞ்சாலையில்தான் தெரிகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா வரை ஒருமுறை போனேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக ஓடும் வண்டி, 70ஐத் தாண்டியதும் ஐந்தாவது கியர் இல்லையே என்று மூச்சிரைக்கிறது. கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்தபோது காற்று ஒருமுறை வெளியே தள்ளி, உடனே உள்ளே இழுத்தது. களத்துமேட்டில் எனக்கு உதவிய அதே எடைக்குறைவும் சாந்தமும் அங்கே எதிராகிவிட்டன. நாள்தோறும் அந்தச் சாலையில் போகிறவர்கள் 125 சிசிக்குக் குறையாமல் பார்ப்பதே சரி. ஆம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு நான் இன்றும் பேருந்தில்தான் போகிறேன்; அன்றைக்கு வண்டி பாகாயத்தில் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும்.