லூப்பை யார் தேடுவது, மென்பொருளா காதா?

குருநகர்ப் பக்கம் ஒரு கோயிலில், காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஓகனின் 61 கட்டைகளையும் பதிந்து வந்தோம். பதிந்த ஒலிகளைக் கணினியில் ஓகனாக வாசிக்கவிடும் மென்பொருள் கிராண்ட்ஓர்க். அதில் கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நீள வேண்டும் என்றால், நோட்டின் நடுப்பகுதி சுற்றிச்சுற்றி வரவேண்டும். அந்தச் சுற்றுத்தான் லூப். ஒரு நோட்டில், மூன்று விநாடிக்கு ஒருதரம் காகம் கரைந்தது. லூப் தேடித்தரும் மென்பொருளான லூப் ஆடிஷனியரின் தானியங்கித் தேடல் தெரிவு செய்த இடம் அது. ஒட்டு சுத்தமாக இருந்தது, அதற்குள் காகமும் இருந்தது.

தானியங்கித் தேடலைக் குறை சொல்ல மாட்டேன். விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவுப் புள்ளி) வேகத்தில் 440 ஹேர்ட்ஸ் நோட்டின் 11 அலைகள் சரியாக 1,200 சாம்பிள். இப்படிப் பொருந்தும் இடங்களை அது நொடியில் பிடித்துவிடும். ஆனால் 1,200 சாம்பிள் என்பது 25 மில்லிவிநாடிதான். அதையே சுற்றவிட்டால் றீட்டின், அதாவது ஒலி எழுப்பும் உலோக நாக்கின், நடுக்கம் செத்து, ஒலி அழைப்புமணி போலாகிவிடும். குறைந்த நீளத்தை இரண்டு விநாடி என்று முதலில் கொடுங்கள். மேல் இரண்டு ஸ்தாயிக்கு அது காணும்.

லூப்பின் இரு முனைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும் குரொஸ்ஃபேட் ஆசை காட்டும், ஏனென்றால் 'டிக்' சத்தம் மறைந்துவிடும். இரு முனைகளின் அலைகளும் ஒத்துப்போகாவிட்டால் கலக்கும் இடத்தில் ஒன்றையொன்று தின்று, ஒலி ஒருகணம் பள்ளத்தில் விழுந்து எழும்பும். சிலெஸ்ட் என்ற ஸ்டொப்பில் (ஸ்டொப் என்பது ஓகனின் ஒரு ஒலித்தொகுதி) இது இன்னும் மோசம். இரண்டு றீட்டுகளைச் சற்றே விலக்கிச் சுருதி சேர்த்திருப்பதால் விநாடிக்கு இரண்டு அலைவு, அதாவது ஒலியில் இரண்டு ஏற்ற இறக்கம், வருகிறதென்றால், லூப்புக்குள் முழு அலைவுகளே இருக்கவேண்டும். அரை அலைவு நொண்டும், எந்தக் கலவையும் அதை மூடாது. ஒரு ஸ்டொப் முழுவதையும் குரொஸ்ஃபேட்டில் செய்து, பிறகு அழித்தேன்.

கீழ் நோட்டுகளுக்குக் கையால்தான். மிதிக்கும் காலோடு காற்றும் ஏறி இறங்கும். லூப்பின் தொடக்கமும் முடிவும் மிதியின் ஒரே கட்டத்தில் விழவேண்டும். இரவு பத்துக்குப் பிறகு, ஓட்டோச் சத்தம் அடங்கியதும் ஹெட்போனோடு இருந்தால் ஒரு நோட்டுக்குக் கால்மணிநேரம் போகும். எனக்கு அது வீண் நேரமில்லை. அந்த ஓகனின் மூச்சு அங்கேதான் இருக்கிறது.

நினைவகத்துக்காக லூப்பைச் சுருக்கத் தேவையில்லை. 24 பிட் ஸ்டீரியோவில் நோட்டுக்கு ஐந்து விநாடி என்றாலும் ஒரு ஸ்டொப்புக்குக் கிட்டத்தட்ட 88 மெகாபைட்தான்.

காகம் கரைந்த நோட்டில் வேறு இடம் அகப்படவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் மின்விசிறிகளை நிறுத்தி, அந்தக் கட்டையை மட்டும் திரும்பப் பதியப் போகிறோம்.